குற்றம் மீனிலா, உடலிலா?

உணவு உண்ட சிறிது நேரத்தில் ஒருவருக்கு முகம் சிவக்கிறது, தோலில் தடிப்புகள் எழுகின்றன, தலை இடிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வயிறு கலங்குகிறது. வீட்டிலுள்ள பெரியவர்கள் இதற்கு ஒரே சொல்லில் விடை கூறிவிடுவர்: “சேரவில்லை.” அன்று உண்டது கெம்போங் மீனாயின், மறுநாள் முதல் மீன் அவருக்கு ஆகாத பண்டமாகிவிடும். உண்டவன் பள்ளிச் சிறுவனாயின் அவ்விலக்கு அவன் வளர்ந்து பெரியவனாகும் வரையிலும், சில வேளைகளில் ஆயுள் முழுதும் நீடிக்கும்.

ஆனால், “சேரவில்லை” என்னும் அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு நிலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றில் குற்றம் மீனைச் சேர்ந்தது. உண்டவர் உடலில் எக்குறையுமில்லை. இன்னொன்றில் மீன் நல்ல மீன். உண்டவரின் உடற்காவலே நண்பனைப் பகைவனென்று எண்ணிப் போர் தொடுக்கிறது. மூன்றாவதில் மீனும் பெரிதும் கெடவில்லை, காவலும் தவறவில்லை. உடலின் துப்புரவு வேலை மட்டும் மந்தமாக நடக்கிறது. மூன்றிலும் வெளியே தோன்றும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றே. காரணம், மூன்றிலும் வேலை செய்யும் பொருள் ஒன்றே. அதன் பெயர் ஹிஸ்டமின்.

இம்மூன்றையும் பிரித்தறிவது வெறும் அறிவு விளையாட்டன்று. முதலாவதை இரண்டாவதென்று கொண்டால், வளரும் பிள்ளை ஒரு நல்ல உணவை வீணே இழக்கிறது. இரண்டாவதை முதலாவதென்று கொண்டால், “கெட்ட மீன்தானே” என்ற அலட்சியத்தில் அடுத்த முறை உயிரே போகக்கூடும்.

ஹிஸ்டமின் என்பது யாது?

1907 ஆம் ஆண்டில் ஜெர்மானிய இரசாயன அறிஞர்களான விண்டாஸ், ஃபோக்ட் ஆகிய இருவரும் இப்பொருளைச் சோதனைச் சாலையில் முதன்முதலாக ஆக்கினர். 1910 இல் இங்கிலாந்தில் ஹென்றி டேலும் ஜார்ஜ் பார்கரும், ரை என்னும் தானியக் கதிரில் படரும் எர்கட் என்ற பூஞ்சைக் காளானிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். விலங்குகளின் உடலில் செலுத்திப் பார்த்தபோது இரத்த அழுத்தம் வீழ்ந்தது. மூச்சுக் குழல்கள் இறுகின. 1927 இல் டேலும் அவருடைய துணைவர்களும் பச்சை நுரையீரலிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் இதே பொருளை எடுத்துக் காட்டினர். அந்நியப் பொருளென்று கருதப்பட்டது உடலின் சொந்தப் பொருளே என்பது அப்பொழுது ஐயமின்றித் தெளிவாயிற்று.

உண்மையில் ஹிஸ்டமின் உடலுக்கு வேண்டிய வேலைக்காரனே. இரைப்பையில் அமிலம் சுரக்கத் தூண்டுவது அது. மூளையை விழிப்போடு வைத்திருப்பதில் அதற்குப் பங்குண்டு. காயம்பட்ட இடத்திற்கு இரத்தம் பாய்ந்து வரும்படி நுண் குழாய்களை விரிப்பதும் அதுவே. கொசு கடித்த இடம் சிவந்து, தடித்து, அரிப்பது ஹிஸ்டமினின் வேலையால்தான். அதே நிகழ்ச்சி உடல் முழுவதும் ஒரே வேளையில் நிகழ்ந்தால் எப்படியிருக்கும்? அதுவே மேலே கூறிய சிவப்பும் தடிப்பும் படபடப்பும்.

கெட்ட மீனின் கதை

சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி, மத்தி, நெத்திலி ஆகியவற்றை மலேசியச் சந்தைகளில் முறையே தொங்கோல், தெங்கிரி, கெம்போங், சார்டின், பிலிஸ் என்பர். இத்தகைய மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் சத்துப்பொருள் மிகுதியாக இருக்கிறது. அது தீங்கற்றது. ஆனால் மீன் செத்தபின், அதன் செவுளிலும் குடலிலும் வாழும் சில பாக்டீரியாக்கள் தசைக்குள் பரவி, அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. மார்கனெல்லா மார்கனி என்பது அவற்றுள் பெயர்பெற்றது. நம் நாட்டுப் பகல் வெப்பமோ ஏறக்குறைய 30 பாகை. இந்த பாக்டீரியாக்களுக்கு அது திருவிழாக் காலம். பனிக்கட்டியில்லாமல் சில மணி நேரம் கிடந்த மீனே போதும்.

இதில் மூன்று சங்கதிகளை எவரும் மறக்கலாகாது. முதலாவது, ஹிஸ்டமின் கொதித்தாலும் அழியாது. பொரித்தாலும், உப்பிட்டாலும், உறையவைத்தாலும், டின்னில் அடைத்தாலும் அழியாது. தீ பாக்டீரியாவைக் கொல்லும். அது முன்னரே ஆக்கி வைத்த நஞ்சைக் கொல்லாது. இரண்டாவது, ஹிஸ்டமின் ஏறிய மீன் நாறவேண்டும் என்பதில்லை. பார்வைக்கும் மோப்பத்துக்கும் நல்ல மீனாகவே தோன்றக்கூடும். சிலருக்கு மட்டும் நாவில் மிளகைக் கடித்தாற்போன்ற காரம் தட்டும். மூன்றாவது, ஒரே மீனில் ஒரு துண்டில் மிகுதியாகவும் மறு துண்டில் குறைவாகவும் இருக்கலாம். ஆகவே ஒரே சட்டியில் உண்ட இருவரில் ஒருவர் நலமாயிருப்பதால் மட்டும் மீன் குற்றமற்றதாகிவிடாது.

நேற்றைய மீன்குழம்புக்கு இன்று ருசி அதிகம் என்பது தமிழர் இல்லங்களில் வழங்கும் பேச்சு. இரவு முழுவதும் அடுப்படியில் மூடிவைத்த குழம்பைக் காலையில் சுடவைத்து உண்பவர் பலர். நல்ல மீனைச் சமைத்து, சூடு தணிந்ததும் குளிர்பெட்டியில் வைத்து உண்பதில் தவறில்லை. ஆனால், மாலைவரை வெயிலில் கிடந்த மீனை வாங்கிக் குழம்பு வைத்துவிட்டு, எத்தனை முறை கொதிக்க வைத்தாலும் பயனில்லை.

எவ்வளவு ஹிஸ்டமின் தீங்கு செய்யும்? உலக உணவு விவசாய நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு 2012 இல் ஒரு கணக்குச் சொல்லிற்று. உடல்நலமுள்ளவருக்கு ஒரு வேளை உணவில் 50 மில்லிகிராம் வரை தீங்கு காணப்படவில்லை. ஒருவர் ஒரு வேளைக்கு மிகுதியாக உண்ணும் மீன் 250 கிராம் எனக் கொண்டால், ஒரு கிலோ மீனுக்கு 200 மில்லிகிராம் என்பது எல்லையாகும். அனைத்துலக உணவுத் தரத்திலும் பாதுகாப்புக்கு வைத்த எல்லை அதுவே. நஞ்சேறிய மீன்களில் இதைவிடப் பல மடங்கு இருப்பதுண்டு. அத்தகைய மீனை உண்டால் எத்தகைய உடலும் தாங்காது. 2004 ஆம் ஆண்டு வியன்னா நகர மருத்துவர்கள் உடல்நலமுள்ள 10 பெண்களுக்கு 75 மில்லிகிராம் ஹிஸ்டமினை நீரில் கலந்து கொடுத்துப் பார்த்தபோது ஐவருக்கு அறிகுறிகள் தோன்றின. அவர்களை நோயாளிகளென்று சொல்லமுடியுமா?

உடலின் துப்புரவாளர்

அப்படியானால் கருவாடும் பெலாச்சானும் கிச்சாப்பும் நாள்தோறும் உண்ணும் மக்கள் எவ்வாறு நலமாக வாழ்கின்றனர்? இவற்றிலும் ஹிஸ்டமின் உண்டே! குடலின் உட்சுவரில் டையமின் ஆக்சிடேஸ் என்னும் நொதி ஒன்று உண்டு. உணவோடு வரும் ஹிஸ்டமினை இரத்தத்தில் சேருமுன் அது சிதைத்துவிடுகிறது. இன்சுலினைக் கண்டறிந்தவருள் ஒருவரான சார்ல்ஸ் பெஸ்ட், உடலின் திசுக்கள் ஹிஸ்டமினை மறையச் செய்கின்றன என்பதை 1929 இல் எடுத்துக்காட்டியதிலிருந்து இந்நொதியின் வரலாறு தொடங்குகிறது.

வருகின்ற குப்பைக்குத் தக்க துப்புரவாளர் இருக்கும்வரை தெரு சுத்தமாயிருக்கும். குப்பை மலைபோற் குவிந்தால், நல்ல துப்புரவாளரும் திணறுவார். அது கெட்ட மீனின் கதை. குப்பை அளவாயிருந்தும் துப்புரவாளர் தளர்ந்திருந்தால்? அந்நிலையையே ஹிஸ்டமின் தாங்காமை என்று இக்கால மருத்துவர்கள் அழைக்கின்றனர்.

துப்புரவாளர் தளர்வதற்குக் காரணங்கள் உண்டு. பிறவியிலேயே நொதி குறைந்திருக்கலாம். குடல் அழற்சி நோய்கள் குடற்சுவரைப் புண்படுத்தியிருக்கலாம். மது அதன் வேலையைத் தடுக்கும். சில மருந்துகளும் தடுக்கும். இவற்றுள் நம்மவர் அறிய வேண்டியது காசநோய்க்குக் கொடுக்கப்படும் ஐசோனியாசிட். இலங்கை மருத்துவர்களான உரகொடவும் கொட்டேகொடவும் 1977 இல் வெளியிட்ட கட்டுரையில், இம்மருந்தை உட்கொண்டுவந்த நோயாளிகள் சூரை இனத்து மீனை உண்டபின் முகஞ்சிவந்து, தலைவலியும் படபடப்பும் கொண்டதை விளக்கினர். இத்தகைய நிலையில் நோயாளி செய்யவேண்டியது மருந்தை நிறுத்துவதன்று. மருத்துவரிடம் கூறி, மருந்து முடியும் காலம்வரை அம்மீன்களை விலக்குவதே. காசநோய் மருந்தை நடுவில் விடுவது மீனால் வரும் துன்பத்தினும் பன்மடங்கு கொடியது.

உண்மையான ஒவ்வாமை

இரண்டாவது நிலையில் ஹிஸ்டமின் உணவிலிருந்து வருவதில்லை, உடலுக்குள்ளிருந்தே வெடிக்கிறது. உடலின் மாஸ்ட் செல்கள் என்னும் அணுக்கள் ஹிஸ்டமினைப் பொட்டலம் கட்டி வைத்திருக்கின்றன. இறாலையோ மீனையோ நிலக்கடலையையோ உடற்காவல் ஒருமுறை பகையென்று பதிந்துகொண்டால், பின்னர் அதில் ஒரு துணுக்கு வந்தாலும் அப்பொட்டலங்கள் எல்லாம் ஒருங்கே அவிழ்கின்றன. இங்கே அளவுக்கு முக்கியமில்லை. ஒரு கரண்டிக் குழம்பே போதும். மூச்சுத் திணறல், நா வீங்குதல், குரல் கம்முதல், மயக்கம் ஆகியவை தோன்றினால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை அழைத்து ஆஸ்பத்திரிக்கு விரையவேண்டும். அந்நிலையில் உயிர் காக்கும் மருந்து அட்ரினலின் ஊசியே. கடையில் வாங்கும் அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது.

எவ்வாறு பிரித்தறிவது?

நோயாளியைக் கண்ட மருத்துவர் முதலில் கையிலெடுக்க வேண்டியது ஊசியன்று, கேள்வி.

உடன் உண்டவர் வேறெவருக்கேனும் இவ்வாறு வந்ததா? வந்ததாயின் குற்றம் பெரும்பாலும் மீனில். ஒரே வீட்டில் மூவருக்கு ஒரே நாளில் புதிதாக ஒவ்வாமை பிறப்பதில்லை.

அதே மீனை இதற்கு முன் உண்டு நலமாக இருந்தாரா? பின்னர் வேறொரு நாள் புதிய மீனை உண்டபோது என்ன ஆயிற்று? மீன் ஒவ்வாமையுடையவருக்கு மீன் புதிதாயினும் பழையதாயினும் துன்பம் வரும். கெட்ட மீனால் வந்த துன்பம் பெரும்பாலும் ஒரு நாளில் தணிந்து, நல்ல மீனை உண்ணும்போது திரும்பாது. ஆனால் இதை வீட்டில் சோதித்துப் பார்ப்பது கூடாது. நடந்ததை நினைவு கூர்ந்து மருத்துவரிடம் சொன்னாற் போதும்.

எந்த உணவு? இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பெலாச்சானும் மலாக்காவின் சிஞ்சாலோக்கும் புளிக்கவைத்த பண்டங்கள். ஆகவே ஹிஸ்டமின் உடையவை. அவையே இறால் இனத்தால் செய்யப்பட்டவையுமாகும். ஆகவே இறால் ஒவ்வாமையுடையவருக்கும் ஆகாதவை. பெலாச்சான் சம்பலால் உதடு வீங்கியதென்றால் அது எதனால்? சம்பலை மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது. பச்சை இறாலைச் சமைத்து உண்டபோதும் வந்ததுண்டா என்று கேட்டால் முடிச்சு அவிழத் தொடங்கும்.

உணவில்லாத வேளையிலும் தடிப்பு வருகிறதா? வருமாயின் உணவின்மீது பழி போடுவதற்கு முன் சிந்திக்க வேண்டும். நாட்பட்ட தடிப்பு நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு உணவு காரணமாவதில்லை. வயிற்றுப் பொருமலும் கழிச்சலும் மட்டுமே உள்ளவருக்குப் பாற்சர்க்கரை தாங்காமை முதலியவற்றையும் ஆராய வேண்டும்.

என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறார்? மதுப் பழக்கம் உண்டா? இவ்விரு கேள்விகளையும் கேளாத விசாரணை நிறைவு பெறாது.

இரத்தப் பரிசோதனை ஒன்று செய்தால் எல்லாம் தெரிந்துவிடாதா என்று பலர் கேட்பர். ஒவ்வாமைக்குத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும், உரிய எதிர்ப்பொருளை அளக்கும் இரத்தச் சோதனையும் பயன்படும். நோயாளி சொல்லும் வரலாற்றோடு அவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் ஹிஸ்டமின் தாங்காமைக்கு அத்தகைய நம்பத்தக்க சோதனை இன்றுவரை கிடையாது. இரத்தத்தில் டையமின் ஆக்சிடேஸ் அளவை அளந்து சொல்லும் சோதனை விற்பனையில் உண்டு. எனினும் குறைந்த அளவுடையோர் பலர் நலமாகவும், நிறைந்த அளவுடையோர் சிலர் துன்பத்தோடும் இருப்பதால், அதைக் கொண்டு முடிவு செய்யலாகாதென ஜெர்மனி முதலிய நாடுகளின் ஒவ்வாமை வல்லுநர்கள் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. நூறு உணவுகளின் பெயரை அச்சடித்து, “இவை உமக்கு ஆகா” என்று பட்டியல் கொடுக்கும் ஐ.ஜி.ஜி. சோதனைகளும் இவ்வகையில் பயனற்றவை. பணம் போவதோடு நில்லாமல், நல்ல உணவும் போகும்.

குறிப்பேடும் மூன்று படிகளும்

ஒவ்வாமை இல்லையென மருத்துவர் தெளிந்த பின்னரே ஹிஸ்டமின் தாங்காமையை ஐயுற வேண்டும். அதை ஆராயும் கருவி விலை குறைந்தது: ஒரு பள்ளிக் குறிப்புப் புத்தகம். நாள், நேரம், உண்ட பொருள், அதை வாங்கியதும் சமைத்ததும் எப்போது, உட்கொண்ட மருந்து, தோன்றிய அறிகுறி, அது தோன்றிய நேரம் என ஏழு கட்டங்கள் போட்டு, இரண்டு வாரம் ஒழுங்காக எழுதினாற் போதும். “எப்போதும் வருகிறது” என்று சொன்னவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே வருவது அப்பொழுது தெரியவரும். ஞாயிறன்று மட்டும் வீட்டுக்கு வருவது எது என்று தேடினால் விடை கிடைக்கும்.

அதன்பின் முதற்படி. 10 முதல் 14 நாள் வரை ஹிஸ்டமின் மிகுந்த பண்டங்களைக் குறைப்பது. கருவாடு, டின் சார்டின், பெலாச்சான், சிஞ்சாலோக், கிளந்தானின் பூடு, கிச்சாப், பாலாடைக் கட்டி, சாசேஜ், மது, நாட்பட்ட மீன், இறைச்சிக் கறிகள் ஆகியன நிறுத்தப்படும். தக்காளி, கத்திரிக்காய், பசலைக்கீரை ஆகியனவும் இக்காலத்தில் ஒதுக்கப்படும். சோறு, அன்றே சமைத்த கோழி, முட்டை, பனிக்கட்டியில் வைத்து விற்ற கொடுவா போன்ற வெள்ளை மீன், பூசணி, பீர்க்கு, முட்டைக்கோசு முதலியவற்றை உண்ணலாம். நம் முன்னோர் கரப்பான் பண்டம் என்று ஒதுக்கியவற்றுள் கத்திரிக்காயும் கருவாடும் இருந்தது இங்கே நினைக்கத்தக்கது. அவர்கள் ஹிஸ்டமினை அறிந்திருந்தனர் என்று இதனாற் பெருமை பேச வேண்டியதில்லை. அரிப்புக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பைக் கவனித்திருந்தனர் என்பது மட்டும் உண்மை.

இரண்டு வாரத்தில் எம்மாற்றமும் இல்லையெனில், ஹிஸ்டமின் குற்றவாளியன்று என்று விடுதலை செய்து, பழைய உணவுக்குத் திரும்பி, வேறு காரணத்தைத் தேட வேண்டும். மாற்றம் தெரிந்தால் இரண்டாம் படி. ஏறத்தாழ ஆறு வாரம் வரை, விலக்கியவற்றை ஒவ்வொன்றாகச் சிறிய அளவில் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. இதையே பலர் விட்டுவிடுகின்றனர். நலம் பெற்றவுடன் பட்டியல் முழுவதையும் ஆயுள் விலக்காக ஏற்றுக்கொள்கின்றனர். அது கணக்கைப் பாதியில் விட்டு விடை எழுதுவது போன்றது. ஐந்து பண்டங்களை விலக்கியதால் நலம் வந்ததென்றால், ஐந்தும் குற்றவாளிகள் என்பதற்கு அது சான்றாகாது. ஒன்று மட்டும் குற்றவாளியாக இருக்கலாம். நாளடைவில் தானே தணிந்ததாகவும் இருக்கலாம். மனத்தின் எதிர்பார்ப்பும் உடலில் அறிகுறியாக வெளிப்படும். அதனால்தான் ஐயம் தீராத இடத்தில், ஹிஸ்டமின் எது, வெறும் நீர் எது என்று கொடுப்பவரும் குடிப்பவரும் அறியாவண்ணம் மருத்துவர் மேற்பார்வையில் சோதிக்கின்றனர். மூன்றாம் படி, தன் உடல் தாங்கும் அளவை அறிந்து, வேண்டிய விலக்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை உண்டு வாழ்வது.

நொதியையே மாத்திரையாக்கி விற்பதும் உண்டு. அது பெரும்பாலும் பன்றியின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்படுகிறது. இஸ்லாமியரும் மரக்கறி உணவினரும் இதை அறிந்திருத்தல் நன்று. அதன் பயனும் இன்னும் உறுதியாக நிலைநாட்டப்படவில்லை. 1937 இல் டேனியல் போவெ தொடங்கிவைத்த ஆராய்ச்சியின் பயனாகப் பிறந்த ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும். ஆயினும் காரணத்தைக் கண்டுபிடித்துத் தரா.

குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் இத்தகைய விலக்கு உணவை மருத்துவர் அல்லது உணவியல் வல்லுநர் துணையின்றித் தொடங்குதல் கூடாது. மீன், முட்டை, பருப்பு, கீரை என்று ஒவ்வொன்றாக அயலார் சொற்கேட்டு விலக்கிக்கொண்டே போனால், தடிப்பு நின்றாலும் பிள்ளை இளைத்துவிடும்.

சந்தையிலே தொடங்கும் மருத்துவம்

மூன்று நிலைகளுள் முழுவதும் தடுக்கக்கூடியது கெட்ட மீனால் வருவதொன்றே. பனிக்கட்டியில் புதைத்து விற்கப்படும் மீனையே வாங்குவது; மற்ற பொருள்களை வாங்கி முடித்துக் கடைசியாக மீனை வாங்குவது; வீடு வரும் வழி தொலைவாயின் பனிக்கட்டியோடு எடுத்துவருவது; வந்ததும் குடலையும் செவுளையும் நீக்கிக் கழுவி, 4 பாகைக்குக் கீழே வைப்பது; உறைந்த மீனை அடுப்படி மேடையில் கிடத்தாமல் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிடுவது. இவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்களல்ல.

ஆகவே, “சேரவில்லை” என்ற சொல் விசாரணையின் தொடக்கமாக இருக்கட்டும். தீர்ப்பாக இருக்க வேண்டாம். மீன் எப்படிப்பட்டது, உண்டவர் எவர், உடன் உண்டவர் நிலை என்ன, மருந்து என்ன என்று வரிசையாகக் கேட்டு எழுதிவைத்து மருத்துவரிடம் சென்றால், விலக்க வேண்டியவர் மட்டும் விலக்குவர். மற்றவர் தட்டுக்கு மீன் திரும்பி வரும்.